கொடையாகும் கத்தி: இங்கிலாந்தின் கத்திப் பரிசுகளில் கிறிஸ்தவக் குறியீடு (கி.பி. 12 – 17ஆம் நூற்றாண்டுகள்)

ஆய்வுச் சுருக்கம்

கத்தியைப் பரிசாக அளித்தல் உறவை அறுக்கும் என்னும் அச்சம் ஐரோப்பிய நாட்டார் வழக்கில் வேரூன்றியது. எனினும் இங்கிலாந்தில் கத்தி இறைவனுக்கும், அடியவர்க்கும், மணமகளுக்கும் உரிய கொடைப்பொருளாக விளங்கியுள்ளது. டர்ஹாம் பேராலயத்தில் காக்கப்படும் 12ஆம் நூற்றாண்டுக் கத்தி, குரோலண்டு மடம் பர்த்தலமேயு திருநாளில் வழங்கிய சிறுகத்திகள், 16, 17ஆம் நூற்றாண்டுகளின் மணக்கத்திகள் ஆகிய மூன்றையும் இக்கட்டுரை ஒப்பிடுகிறது. வழிபாட்டுச் சடங்கு வலுவாக இருந்தவிடத்துக் கத்தி எளியதாக இருந்தது என்பதும், கொடை ஆலயத்தை விட்டு இல்லத்துக்குள் நுழைந்தபோது சடங்கு சுமந்த பொருளைக் கைப்பிடியின் வேலைப்பாடு சுமக்க நேர்ந்தது என்பதும் இதன் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: கத்தி, கொடை, கிறிஸ்தவக் குறியீடு, புனித பர்த்தலமேயு, குத்லாக், குரோலண்டு மடம், மணக்கத்தி.

முன்னுரை

மனிதன் நாள்தோறும் கையாளும் கருவிகளுள் கத்தியைப் போல இருபொருள் தருவது பிறிதொன்றில்லை. அப்பத்தைப் பகுப்பதும் அதுவே. உயிரைப் போக்குவதும் அதுவே. விவிலியம் இவ்விருமையை அறிந்திருந்தது. தொடக்க நூல் 22ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் தன் மகனைப் பலியிடக் கத்தியை எடுக்கிறார், வானதூதர் தடுக்கிறார். அங்குக் கத்தியைக் குறிக்கும் எபிரேயச் சொல் ‘உண்ணுதல்’ என்னும் வேரிலிருந்து பிறந்தது. பலிக்கு ஓங்கிய கருவியின் பெயரிலேயே உணவின் நினைவும் உறைந்துள்ளது.

இடைக்கால ஐரோப்பாவில் விருந்துக்குச் செல்வோர் தத்தம் கத்தியை உடன் கொண்டுசெல்வதே வழக்கம். ஆடவரும் பெண்டிரும் உறையிலிட்ட கத்தியை இடைக்கச்சையில் அணிந்திருந்தனர். எனவே கத்தி ஒருவரது உடலோடு ஒட்டிய, அவர் நாளும் உண்ணும் உணவோடு தொடர்புடைய தனியுடைமையாகும். ஒருவருக்குக் கத்தி கொடுப்பது அவரது அன்றாட வாழ்வினுள் புகுவதற்கு ஒப்பாகும். கொடுப்பவரின் எண்ணம் நன்றாயினும் கூர்முனை ஐயத்தை எழுப்பும். அவ்வையத்தை நீக்குவதற்குக் கிறிஸ்தவக் குறியீடு எவ்வாறு துணைநின்றது என்பதே இங்கு எழும் வினா. குறியீடு என்றவுடன் கைப்பிடியில் செதுக்கிய சிலுவையே நினைவுக்கு வரும். ஆனால் சான்றுகள் காட்டும் நெறி அத்துணை எளிதன்று.

1. திருப்பீடத்தில் வைத்த கத்தி

எழுத்தாவணம் பெருவழக்காகாத காலத்தில் நிலக்கொடை ஒரு பொருளைக் கைமாற்றுவதால் உறுதிசெய்யப்பட்டது. மண்கட்டி, மரக்கிளை, மோதிரம், நூல், கத்தி முதலியன அவ்வாறு பயன்பட்டன. ஆலயத்துக்கு நிலமோ வருவாயோ அளிப்பவர் அப்பொருளைத் திருப்பீடத்தின்மீது வைப்பர். கொடை மாந்தருக்கன்று, அவ்வாலயத்துப் புனிதருக்கே செய்யப்படுகிறது என்பது அச்செயலின் கருத்து.

1069இல் முதலாம் வில்லியம் மன்னர் மிடில்செக்ஸ் பகுதியிலுள்ள ஹார்மண்ட்ஸ்வொர்த் என்னும் ஊரை நார்மண்டியின் ரூவன் நகரத் திரித்துவ மடத்துக்கு அளித்தபோது கத்தி ஒன்றால் கொடையை நிறைவேற்றினார். கத்தியை நீட்டும்போது மடத்தலைவரின் உள்ளங்கையில் குத்துவதுபோல் விளையாட்டாகப் பாசாங்கு செய்து, நிலத்தை இப்படித்தான் கொடுக்க வேண்டும் என்று கூறியதாக அக்கொடைப் பதிவு குறிக்கிறது. இந்நிகழ்ச்சி நகைப்புக்குரியதாகத் தோன்றினும் கத்திக்கொடையின் உள்ளியல்பை வெளிப்படுத்துகிறது. அலகு அஞ்சத்தக்கது என்பதனாலேயே கொடை மறக்கவொண்ணாததாகிறது. கண்டவர் நெஞ்சில் பதிவதே எழுத்தற்ற ஆவணத்தின் வலிமை.

இத்தகைய கத்திகளுள் ஒன்று இன்றும் டர்ஹாம் பேராலயத்தின் ஆவணங்களோடு காக்கப்படுகிறது. 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஸ்டீஃபன் டி பல்மர் என்பவர் நார்தம்பர்லண்டின் லோவிக் சிற்றாலயம் பற்றித் துறவியரோடு செய்துகொண்ட ஏற்பாட்டுக்கு அது அடையாளம். கைப்பிடி கொம்பினால் ஆனது. அலகு முறிந்துள்ளது. லோவிக் சிற்றாலயத்தின் அடையாளம் இது என்னும் பொருளுடைய இலத்தீன் எழுத்துகள் கைப்பிடியில் கீறப்பட்டுள்ளன. விவரம் எழுதிய தோல்சீட்டு ஒன்றும் அதனோடு கட்டப்பட்டுள்ளது.

கொடைக்கு அடையாளமாகும் கத்தியை முறிப்பதோ வளைப்பதோ அக்காலத்தில் அறியப்பட்ட வழக்கமாகும். முறிந்த கத்தி மீண்டும் உணவுக்கோ சண்டைக்கோ உதவாது. அது பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டு நினைவுக்கு மட்டும் உரியதாகிறது. லோவிக் கத்தியில் சிலுவையோ புனிதர் உருவோ கலைநயத்தோடு பொறிக்கப்படவில்லை. கீறப்பட்ட எழுத்துகள் அணியல்ல, பெயர்ச்சீட்டு. அதைத் திருவுடைமையாக்கியது திருப்பீடமும், சாட்சியர் கண்முன் நிகழ்ந்த செயலுமே.

2. பர்த்தலமேயுவின் கத்தி

டர்ஹாமில் கத்தி ஆலயத்தை நோக்கிச் சென்றது. லிங்கன்ஷயரின் சதுப்பு நிலத்திலமைந்த குரோலண்டு மடத்தில் அது ஆலயத்திலிருந்து மக்களை நோக்கி வந்தது. இதன் பொருளை உணர்வதற்கு முதலில் பர்த்தலமேயு மரபை அறிய வேண்டும்.

புதிய ஏற்பாட்டில் திருத்தூதர் பர்த்தலமேயுவின் பெயர் திருத்தூதர் பட்டியல்களில் மட்டுமே வருகிறது. அவரது பணியும் இறப்பும் பிற்கால மரபுகள் வழியாகவே அறியப்படுகின்றன. அவர் இந்தியருக்கு நற்செய்தி அறிவித்தார் என்றும், எபிரேய எழுத்திலான மத்தேயு நற்செய்தியை அவர்களிடம் விட்டுச்சென்றார் என்றும் 4ஆம் நூற்றாண்டின் யூசேபியு தம் திருச்சபை வரலாற்றில் குறிக்கிறார். அங்குக் கூறப்படும் ‘இந்தியா’ எப்பகுதி என்பது அறிஞரிடையே நெடுங்காலமாக விவாதிக்கப்படுவது. மேற்கு ஐரோப்பாவில் மிகுதியும் பரவியது அவர் உயிரோடு தோலுரிக்கப்பட்டார் என்னும் மரபு. அதனால் தோலுரிக்கும் கத்தி அவரது அடையாளமாயிற்று. மைக்கலாஞ்சலோ 1541இல் நிறைவுசெய்த ‘இறுதித் தீர்ப்பு’ ஓவியத்திலும் அவர் ஒரு கையில் கத்தியும் மறுகையில் தோலும் ஏந்தியுள்ளார். தோல் பதனிடுவோர் அவரைத் தம் காவலராகக் கொண்டனர்.

கொலைக்கருவியையே புனிதரின் அடையாளமாக்குவது கிறிஸ்தவக் கலையின் பொதுநெறி. லாரன்சுக்கு இரும்புக் கட்டில், கேத்தரினுக்குச் சக்கரம், பவுலுக்கு வாள் என அது விரியும். இவை யாவும் சிலுவையை முன்மாதிரியாகக் கொண்டவை. தண்டனைக் கருவி வெற்றிச் சின்னமாக மாறுவதே அதன் அடிப்படை. ஆனால் கட்டிலையும் சக்கரத்தையும் எவரும் இடுப்பில் அணிந்து செல்வதில்லை. பர்த்தலமேயுவின் கத்தி ஒவ்வோர் உழவனிடமும் இல்லாளிடமும் இருந்த பொருள். இப்பொதுமையே அதைக் கொடைக்கு ஏற்றதாக்கியது.

3. படைக்கலம் துறந்த குத்லாக்

குரோலண்டின் புனிதர் குத்லாக். அவரது வரலாற்றை ஃபீலிக்ஸ் என்னும் துறவி 730 – 740 அளவில் இலத்தீனில் எழுதினார். மெர்சிய நாட்டு உயர்குடியினரான குத்லாக், இளமையில் ஒன்பது ஆண்டுகள் படைத்தலைவராகப் போரிட்டுக் கொள்ளையிட்டு வாழ்ந்தவர். 24ஆம் வயதில் படைக்கலம் துறந்து ரெப்டன் மடத்தில் சேர்ந்தார். பின்னர்த் தனிமையை நாடிச் சதுப்பு நிலத்துக்குள் புகுந்தார். அவர் குரோலண்டுத் தீவை அடைந்தது பர்த்தலமேயு திருநாளில் என்பது மரபு. அது 699ஆம் ஆண்டு எனக் கொள்ளப்படுகிறது. அந்நாளில் வந்தமையால் அத்திருத்தூதரே அவரது காவலரானார். தீய ஆவிகள் அவரை நரக வாயிலுக்கு இழுத்துச் சென்றபோது பர்த்தலமேயு தோன்றி மீட்டார் என்று ஃபீலிக்ஸ் கூறுகிறார். குத்லாக் 714இல் மறைந்தார்.

பிற்காலத்தில் இவ்வுறவுக்கு மற்றோர் அடையாளம் சேர்ந்தது. பிரித்தானிய நூலகத்திலுள்ள ‘குத்லாக் சுருள்’ 1200ஐ ஒட்டி வரையப்பட்ட வட்டச் சித்திரங்களைக் கொண்டது. அதில் பர்த்தலமேயு தீய ஆவிகளை விரட்டக் குத்லாக்கிடம் சாட்டை ஒன்றை அளிக்கிறார். ஃபீலிக்ஸ் நூலில் இச்செய்தி இல்லை. ஆகவே குரோலண்டின் மரபுக்குள் இரண்டு கருவிகள் இடம்பெற்றன. ஒன்று திருத்தூதர் உயிர்நீத்த கத்தி. மற்றொன்று அவர் அளித்த சாட்டை. மடத்தின் மரபுச் சின்னம் இவ்விரண்டையும் நான்கு பாகங்களில் மாறிமாறிக் காட்டியது. செந்நிறப் புலத்தில் மூன்று கத்திகள், நீலநிறப் புலத்தில் மூன்று சாட்டைகள் என்பது அதன் அமைப்பு.

இவ்விரண்டனுள் மக்களுக்குக் கொடையாக வழங்கப்பட்டது கத்தி என்பது கருதத்தக்கது. குத்லாக்கின் வாழ்வோடு நேரடியாக இயைந்தது சாட்டையே. ஆயினும் சாட்டை துறவியின் போராட்டத்துக்குரியது. கத்தியோ இல்லறத்தார் கையிலும் பொருந்துவது. படைக்கலம் துறந்த ஒருவரின் கல்லறையில், போர்க்கருவியின் இனத்தைச் சேர்ந்ததொன்று உணவுக்கருவியாகச் சிறுத்து மக்களிடம் திரும்பியது என்றும் இதனைப் பொருள்கொள்ளலாம்.

4. குரோலண்டின் சிறுகத்திகள்

ஆகஸ்டு 24ஆம் நாள் பர்த்தலமேயு திருநாளில் குரோலண்டுக்கு வந்த யாவருக்கும் மடத்தார் சிறுகத்தி வழங்கினர். இவ்வழக்கம் நெடுநாள் நிலவியது. ஆனால் அது வரலாற்றில் பதிவானது தொடங்கியதனால் அன்று, நிறுத்தப்பட்டதனால். நான்காம் எட்வர்டு மன்னர் காலத்தில் 1470 முதல் 1476 வரை மடத்தலைவராக இருந்த ஜான் விஸ்பெக் இதனை ஒழித்தார். மடத்தலைவரையும் துறவியரையும் பெரியதும் தேவையற்றதுமான செலவிலிருந்து விடுவித்ததாக அவருக்குப் புகழ் கூறப்படுகிறது. வழங்கியவர் பெருமிதத்தோடு எழுதிய குறிப்பு அன்று, கணக்குப் பார்த்தவர் நிம்மதியோடு எழுதிய குறிப்பே இன்று நமக்குச் சான்றாகிறது.

இச்சிறு குறிப்பிலிருந்து மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, கத்தி ‘யாவருக்கும்’ கொடுக்கப்பட்டது. புரவலர், உயர்குடியினர் என்னும் வரையறை இல்லை. இரண்டாவது, அவை ‘சிறுகத்திகள்’. ஆகவே விலையுயர்ந்த தனிப்படைப்புகள் அல்ல. மூன்றாவது, அவ்வாறு சிறியனவாக இருந்தும் செலவு பெரிதாயிற்று. எனவே பெற்றவர் தொகை மிகுதியாக இருந்திருக்க வேண்டும்.

மடத்தின் இடிபாடுகளிலும் அருகிலுள்ள ஆற்றிலும் பல்வேறு அளவுள்ள கத்திகள் கிடைத்ததாகப் பிற்காலத் தொல்பொருள் ஆர்வலர் எழுதினர். 1783இல் குரோலண்டு மட வரலாற்றை வெளியிட்ட ரிச்சர்டு கோஃப் இவ்வழக்கத்தை விரிவாக அறியச்செய்தார். ஆனால் ஆற்றில் கிடைத்த ஒவ்வொரு கத்தியையும் திருநாள் கொடையாகக் கொள்வது பொருந்தாது. கத்தி எல்லாரிடமும் இருந்த பொருள். எங்கும் தவறி விழக்கூடியது. கொடைக்கத்தியை மற்ற கத்தியிலிருந்து வேறுபடுத்தும் அடையாளம் அலகில் இல்லாதிருந்தால், மண்ணிலிருந்து எடுத்தபின் இரண்டும் ஒன்றே. அக்கத்தியின் புனிதம் பெற்றவரின் நினைவில் மட்டுமே இருந்தது. அவர் மறைந்தபின் அது வெறும் கத்தியாயிற்று.

5. கைவினையும் செலவும்

விஸ்பெக்கின் கவலையைப் புரிந்துகொள்ள ஒரு சிறுகத்தியின் பின்னிருந்த உழைப்பை நோக்க வேண்டும். தேம்ஸ் கரையில் அகழ்ந்தெடுக்கப்பட்ட 12 முதல் 15ஆம் நூற்றாண்டு வரையிலான கத்திகள் இலண்டனில் ஆராயப்பட்டுள்ளன. அவற்றின் அலகு முழுவதும் எஃகால் ஆனதன்று. எஃகு அரிதும் விலைமிக்கதுமாதலால் மெல்லிரும்பால் உடலை அடித்து, வெட்டும் விளிம்பில் மட்டும் எஃகுத் துண்டை உலையில் காய்ச்சிப் பற்றவைத்தனர். சில கத்திகளில் எஃகு நடுவிலும் இரும்பு இருபுறமும் அமைந்தன. பின்னர் நீரில் தோய்ச்சல் கொடுத்து, மிகை முறுக்கு நீங்க மீண்டும் இளஞ்சூடு காட்டிச் சாணைக்கல்லில் தீட்டினர்.

கைப்பிடி இருவகைப்படும். பழைய முறையில் அலகின் அடி கூராக நீண்டு, மரம், கொம்பு அல்லது எலும்பினாலான பிடிக்குள் செருகப்பட்டது. 14ஆம் நூற்றாண்டில் பரவிய புதுமுறையில் அடிப்பகுதி தட்டையாக விடப்பட்டு, இருபுறமும் தகடுகள் வைத்து ஆணியால் இறுக்கப்பட்டன. இம்முறை பிடியில் அணிவேலைக்கு இடம் தந்தது. இறுதியாகத் தோலுறை. நகரங்களில் அலகடிப்போர், பிடியமைப்போர், உறைசெய்வோர் எனத் தொழில் பிரிந்திருந்தது. இவற்றை ஒருங்கிணைத்து விற்பவரே கத்தி வணிகர். இலண்டன் கத்தித் தொழிலாளர் சங்கம் 1416இல் ஐந்தாம் என்றி மன்னரிடம் உரிமைப்பட்டயம் பெற்றது.

எனவே எளிய கத்தியேயாயினும் அதில் பலர் கை பட்டிருந்தது. உருக்கி அச்சில் வார்த்து நூற்றுக்கணக்கில் எடுக்கும் ஈயத் திருப்பயணச் சின்னத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. பிற திருத்தலங்கள் யாத்திரிகருக்கு இத்தகைய சின்னங்களை விற்றன. குரோலண்டு பயன்படு பொருளொன்றை விலையின்றி வழங்கியது. சின்னம் தொப்பியில் குத்திக்கொள்வதற்குரியது. கத்தி மறுநாள் காலையில் அப்பம் வெட்டுவதற்குரியது. அக்கொடையின் பெருமையும் அதன் பொருளாதார நலிவும் ஒரே இடத்தில் தோன்றின.

மடம் 1539இல் கலைக்கப்பட்டது. கோயிலின் வடபக்கப் பகுதி மட்டும் ஊராலயமாக எஞ்சியது. ஆயினும் 1670இல் குரோலண்டில் ஏழைகளின் பெயரால் வெளியிடப்பட்ட அரைப்பென்னி வில்லையில் கத்திகளும் சாட்டைகளும் மீண்டும் இடம்பெற்றன. கொடை நின்று இரு நூற்றாண்டுகள் ஆகியும் ஊர் தன் அடையாளமாக அவற்றையே கொண்டது.

6. மணக்கத்தி: இல்லத்துக்குள் நுழைந்த குறியீடு

சீர்திருத்தத்தை அடுத்த காலத்தில் கத்திக்கொடை வேறு வடிவெடுத்தது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இங்கிலாந்திலும் நெதர்லாந்திலும் மணமகளுக்கு இணைக்கத்திகள் பரிசளிக்கப்பட்டன. ஒரே உறையில் இரண்டு கத்திகள் அமையும். உறை சங்கிலியாலோ நாடாவாலோ இடைக்கச்சையில் தொங்கும். இக்கத்திகள் குரோலண்டின் சிறுகத்திகளுக்கு நேர்மாறானவை. தந்தம், அம்பர், வெள்ளி ஆகியவற்றால் பிடிகள் அமைந்தன. பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டன.

நெதர்லாந்துப் பிடிகளில் விவிலியக் காட்சிகளும் நற்பண்புகளின் உருவங்களும் இடம்பெற்றன. நம்பிக்கை சிலுவையை ஏந்தும். எதிர்நோக்கு நங்கூரத்தை ஏந்தும். அன்பு குழந்தைகளை அணைத்திருக்கும். நங்கூரம் எபிரேயர் திருமுகத்தின் 6ஆம் அதிகாரத்திலிருந்தும், மூன்றின் வரிசை கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 13ஆம் அதிகாரத்திலிருந்தும் பெறப்பட்டவை. கைவினைஞர் இவற்றைத் தாமே புனையவேண்டியதில்லை. தியோடர் டி பிரை, மிக்கியேல் லே பிளோன் முதலிய செதுக்கோவியர் கத்திப்பிடிக்கான வடிவமைப்புகளை அச்சிட்டு வெளியிட்டனர். பிடியின் குறுகிய பரப்பில் உருவத்தைக் கொடியணிக்குள் நிறுத்தும் முறையை அத்தாள்கள் பொற்கொல்லருக்குக் கற்பித்தன.

இதே காலத்து இத்தாலியில் அகன்ற அலகில் இசைக்குறிகள் பொறித்த கத்திகள் உருவாகின. ஒரு பக்கத்தில் உணவுக்கு முன் பாடும் ஆசிப் பாடல், மறுபக்கத்தில் உணவுக்குப் பின் பாடும் நன்றிப் பாடல். ஒவ்வொரு கத்தியும் ஒரு குரலுக்குரிய பகுதியை மட்டும் தாங்கியது. இவை மணக்கொடைகள் அல்லவாயினும், வழிபாடு இல்லத்து மேசைக்கு வந்தபோது அதன் சொல்லும் இசையும் கத்தியின் மேனியில் ஏறியதை உணர்த்துகின்றன.

மணக்கத்தி வழக்கிலிருந்த சமூகத்தில், கத்திப் பரிசு காதலை அறுக்கும் என்னும் நம்பிக்கையும் இருந்தது. ஜான் கே 1714இல் வெளியிட்ட ‘மேய்ப்பனின் வாரம்’ என்னும் கவிதைநூல், காதலனுக்குக் கத்தி கொடுத்த பெண்ணின் வருத்தமாக அதைப் பதிவுசெய்கிறது. கத்தி பெற்றவர் சிறுநாணயம் ஒன்றைத் திருப்பிக் கொடுத்து, பரிசை விலைக்கு வாங்கியதாக ஆக்கிக்கொள்ளும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. நாணயம் கொடையைக் கொடையல்லாததாக மாற்றி அச்சத்தைத் தவிர்க்கிறது. மணக்கத்தியின் வேலைப்பாடு மறுவழியை மேற்கொள்கிறது. கொடையைக் கொடையாகவே நிறுத்தி, அதன் பொருள் வெட்டுதல் அன்று, நம்பிக்கையும் அன்பும் என அறிவிக்கிறது.

முடிவுரை

மூன்று சான்றுகளையும் ஒருங்கே நோக்கின் கொடையின் திசை மாறுவது புலனாகும். லோவிக் கத்தி மனிதரிடமிருந்து ஆலயத்துக்குச் சென்றது. குரோலண்டுக் கத்தி ஆலயத்திலிருந்து மனிதருக்கு வந்தது. மணக்கத்தி மனிதரிடமிருந்து மனிதருக்குச் சென்றது. திசையோடு குறியீட்டின் இடமும் மாறியது. முதலாவதில் அது திருப்பீடத்திலும் முறித்தலிலும் இருந்தது. இரண்டாவதில் திருநாளிலும் திருத்தலத்திலும் இருந்தது. மூன்றாவதில் கைப்பிடியில் குடிபுகுந்தது.

இதனை வளர்ச்சி என்றோ வீழ்ச்சி என்றோ கூறுதல் பொருந்தாது. ஒவ்வொன்றுக்கும் ஓர் இழப்பும் ஒரு பேறும் உண்டு. செதுக்கிய கத்தி தன் பொருளைத் தானே சுமப்பதால் நானூறு ஆண்டுகள் கழித்தும் அருங்காட்சியகத்தில் படிக்கப்படுகிறது. ஆனால் அது செல்வர்க்கே உரியதாயிற்று. குரோலண்டின் எளிய கத்தியை இன்று எவராலும் உறுதியாகச் சுட்டிக்காட்ட இயலாது. ஆயினும் அந்நாளில் சதுப்பு வழியே நடந்துவந்த வறியவரும் அதைப் பெற்றுச்சென்றார். பொருளைக் கொண்டே வரலாறு எழுதுவோர் செதுக்கிய கத்தியை மட்டும் காண்பர். மடத்தின் செலவுக் கவலையை வாசிப்போருக்கே பெயரற்ற அச்சிறுகத்திகள் தென்படும். கத்தியின் கிறிஸ்தவப் பொருளை ஆராய்வோர் அலகையும் பிடியையும் மட்டுமன்றி, அது கைமாறிய நாளையும் இடத்தையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.